பதினான்காம் வீட்டு ஜன்னல்

முதல் கடிதம் மூன்றே வரி. "முகப்புப் படத்தில் பதினான்காம் வீட்டு மாடி ஜன்னலில் தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் நிற்கிறாரே, அவர் எந்தக் கட்டத்தில் வருவார்? முழுவதும் ஆடி முடித்துவிட்டேன். அவரைக் காணவில்லை."

ஜெபசீலி அதை இரண்டு முறை படித்தாள். அந்த ஜன்னலை வரைந்தவள் அவள்தான். கருநீலத்தில் மூன்று தீற்றல், அவ்வளவுதான். அதில் பெரியவரும் இல்லை, துண்டும் இல்லை.

"ஏல பேச்சி, படத்துல நீ ஏதும் ஆள வச்சியா?"

"நானா? எனக்குக் கோழிகூட வரைய வராது," என்றான் பேச்சிமுத்து. பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலிருந்த அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் படம் போடுவாள், அவன் நிரல் எழுதுவான். இரண்டு வருட உழைப்பில் ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். பெயர் 'ஆளில்லா மீட்டர்'. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன மலையூர்த் தெருவில் ஒருவர் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டே போகிறார். எந்த வீட்டில் மீட்டர் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதைப் பார்த்து, அங்கே யார் வாழ்ந்தார்கள், ஏன் போனார்கள் என்று ஆடுபவர் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் கடிதங்கள் பதினொன்றாயின. ஒருவர் ஜன்னலில் நிற்கும் பழுப்பு நாயைப் பற்றிக் கேட்டிருந்தார். ஒருவர் ஈரத்தலையோடு நிற்கும் பெண்ணை. இன்னொருவர் கர்ப்பிணி ஒருத்தியை. எல்லாம் அதே பதினான்காம் வீடு, அதே ஜன்னல்.

இருவரும் ஃபோனை எடுத்து 'முற்றம்' கடையைத் திறந்தார்கள். எல்லாரும் விளையாட்டு வாங்கும் கடை அது. ஃபோனை மேசையில் வைத்து, இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளக் குனிந்து பார்த்தார்கள். முகப்புப் படத்தை அவர்கள் எப்போதும் அப்படித்தான் சோதிப்பார்கள். ஒருவர் கண்ணுக்குப் பிடிபடாதது இன்னொருவர் கண்ணுக்குப் பிடிபடும் என்பது ஜெபசீலியின் கட்சி. அந்தித் தெரு, டார்ச்சோடு ஒருவர், மாடியில் இருண்ட ஜன்னல். ஜன்னலில் யாரும் இல்லை.

"பதினோரு பேரும் கூட்டுச் சேந்து நம்மள கிண்டல் பண்ணுதாவளோ?" என்றான் பேச்சி.

"நாயைக் கேட்டவரு அழுதுக்கிட்டே எழுதின மாதிரி இருக்குல."

திங்கட்கிழமை காலை ஓர் அழைப்பு வந்தது. தாராபுரத்திலிருந்து பேசினார் ராமலிங்கம். வயதான குரல், ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் போட்டது.

"அம்மணி, அந்த மீட்டர் விளையாட்டு உங்களுதுங்களா? ஒரு உதவி வேணுமுங்க. விளையாட்டுக்குள்ள அந்தப் பதினாலாம் நம்பர் வீட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து விட முடியுங்களா?"

அவர் மனைவி பூங்கோதைக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. வியாழக்கிழமை கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. புதன் ராத்திரிக்குள் சேர்ந்துவிட வேண்டும். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, அதுவரை தாங்குமா என்பதும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பூங்கோதை கிளம்ப மறுக்கிறார்.

"அஞ்சு வருசத்துக்கு முன்னால எங்க பையன் பைக்கு ஆக்ஸிடென்ட்ல போயிட்டானுங்க. இளவரசுன்னு பேரு. அவன் உங்க படத்துல, அந்த ஜன்னல்ல நிக்கறான்னு சொல்றா. நாப்பது நாளா ஃபோனும் கையுமா அந்தக் கதவைத் தட்டிட்டு உக்காந்திருக்கறா. அவன் என்ன கேக்க வந்திருக்கறான்னு தெரியாம நான் கத்திக்குப் போக மாட்டேங்கறா."

"ஐயா, நீங்க பாத்தீங்களா? பையன் தெரியுதானா?"

"எனக்குப் பையன் தெரியலீங்க. எனக்கு அந்த ஜன்னல்ல அவதான் தெரியறா. முப்பது வயசுல இருந்த மாதிரி."

ஜெபசீலி ஃபோனை வைத்ததும் சொன்னாள்: "பேச்சி, கடைய உன் ஃபோன்ல திற. நான் இங்கயே நிக்கேன். நீ மட்டும் பாரு."

அவன் ஜன்னலோரமாகப் போய்ப் பார்த்தான். ஃபோனை முகத்துக்கு அருகே கொண்டுபோனான்.

"யாருல?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா காது ஏன் செவக்குது?"

"...ஹெல்மெட்ட கையில வச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கா. போதுமா? ஃபோட்டோவ அழிச்சிட்டேன்னு நெனச்சேன். அழிக்கல போல."

அவள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் திரைக்கு நேராக வந்த கணத்தில் ஜன்னல் இருண்டது. அவள் நகர்ந்தாள். "வந்துட்டா," என்றான் பேச்சி. மறுபடி குனிந்தாள். "போயிட்டா."

அரைமணி நேரம் கடையின் விதிமுறைகளைத் துழாவிய பின் பேச்சிக்கு விளங்கிவிட்டது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மோசமான பொருளானாலும் அவன் முகம் மலர்ந்துவிடும்.

"இதுக்குப் பேரு இணக்கம். படத்த ஏத்தும்போது ஒரு கட்டத்துல டிக் போட்டோம்லா, முன்வரிசையில வரணும்னா போடணும்னு? அதான். ஃபோனோட முன்கேமரா நம்ம கண்ணு எங்க பாக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கு. ஃபோன்ல உள்ள ஃபோட்டோவுல நீ யாரப் பாத்தா கண்ணு ரொம்ப நேரம் தங்குதுன்னு அதுக்குத் தெரியும். கடையில ஒரு முகப்பு மேல ஜனங்க கண்ணு நிக்கறது அரை செகண்டுதான். அந்த அரை செகண்ட ஒரு செகண்டாக்கணும். என்ன செய்யும்? படத்துல எங்க இடம் காலியா இருக்கோ, அங்க அந்த ஆள லேசா கொண்டாந்து நிறுத்திரும்."

"நாம பாத்தப்ப ஏன் வரல?"

"ரெண்டு மூஞ்சி தெரிஞ்சா யாருக்காக மாத்தணும்னு அதுக்குத் தெரியாது. அசலக் காட்டிரும். நாமதான் எப்பவும் ஒண்ணா மண்டைய விட்டுப் பாப்போமே."

ஜெபசீலி கோபப்படத்தான் நினைத்தாள். அதற்குள் வேறொரு நினைப்பு வந்தது. தன் ஃபோனை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தனியாகப் பார்த்தாள்.

ஜன்னல் காலியாக இருந்தது.

"எனக்கு யாரும் வரல. கெட்டுப்போச்சோ?"

"கெடல," என்றான் பேச்சி. பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தயங்கினான். "ரெண்டு வருசமா உன் ஃபோன்ல நீ எதப் பாத்த? இந்தப் படத்தத்தான். நாப்பது விதமா வரைஞ்சு வரைஞ்சு இந்த ஜன்னலையே பாத்த. உன் கண்ணு எங்க தங்குச்சோ, அதத்தான் வச்சிருக்கு."

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள் உண்டு. ஃபோனில் அவளுடைய படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஜெபசீலி ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

முதலில் எளிய வழியைத் தேடினார்கள். இணக்கத்தை நிறுத்தச் சொல்லி 'முற்றம்' நிறுவனத்துக்கு எழுதினார்கள். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: விண்ணப்பம் பரிசீலிக்கப் பதினைந்து வேலை நாட்கள் ஆகும், அதுவரை தங்கள் பொறுமைக்கு நன்றி.

"வியாழக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு," என்றாள் ஜெபசீலி.

அவள் ராமலிங்கத்தை அழைத்து, இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் சேர்த்து ஒரே ஃபோனைப் பார்க்கச் சொன்னாள். பையன் மறைந்துவிடுவான், அது இயந்திரத்தின் வேலை என்று அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்றாள். அவர் நன்றி சொல்லி வைத்தார். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே மறைஞ்சுட்டானுங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"என்னைத் தள்ளி உக்காரச் சொல்லிட்டா. அப்பா வந்தா அவன் எப்பவும் ஒளிஞ்சுக்குவான்னு சொல்றா. அது நெசந்தானுங்க. நான் ரொம்பக் கண்டிப்பா இருந்துட்டேன்."

செவ்வாய்க்கிழமை பேச்சி வேறு வழி சொன்னான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "அந்த ஐயா பையனோட ஃபோட்டோவும் குரலும் அனுப்புதேன்னு சொல்லுதாரு. அரை நாள் வேல. கதவு திறக்கும், பையன் நிப்பான். 'அம்மா, நீ ஆஸ்பத்திரிக்குப் போ'ம்பான். அந்தம்மா போயிரும். உயிரு பொழைக்கும்லா?"

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து மறுபடி கதவத் தட்டுவாங்க. அப்ப என்ன சொல்லச் சொல்லுவ? சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்லுவியா? தெனமும் ஒண்ணு எழுதுவியா? கடிதம் போட்ட பதினோரு பேருக்கு? நாய்க்கு?"

ஆனால் அவளாலும் அந்த யோசனையை உதற முடியவில்லை. மதியச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அரை நாள் வேலை. ஓர் உயிர். கடைசியில் அவள் நேராகப் பூங்கோதையிடமே பேசுவது என்று முடிவு செய்தாள்.

பூங்கோதையின் குரல் மெலிந்திருந்தது. நாலு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. ஆனால் தடுமாற்றம் இல்லை.

"நீதான் படம் வரைஞ்ச பொண்ணா, கண்ணு?"

"ஆமாம்மா. அந்தப் பையன நான் வரையலம்மா. கடையோட மெஷின் உங்க ஃபோன்ல இருக்கற ஃபோட்டோவ எடுத்து..."

"எல்லாம் அவரு சொன்னாரு. நான் என்ன பைத்தியமா? அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாதா? நாந்தானே குளிப்பாட்டினேன்." மூச்சு வாங்கியது. "ஆனா நிக்கறான் கண்ணு. நிக்கறவனப் பாத்துட்டு, என்ன ஏதுன்னு கேக்காம எப்படிப் போறது? நீ அந்தக் கதவத் தொற. உள்ள பாத்துட்டுப் போறேன்."

"அம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல. அந்தக் கதவு சும்மா சுவத்துல வரைஞ்ச படம். அதுக்குப் பின்னால நாங்க எதுவும் செய்யல."

"ஒண்ணுமே இல்லாத வீட்டுக்கு எதுக்குக் கண்ணு கதவு வச்ச?"

ஜெபசீலியிடம் இருந்த ஒரே பதில் தொழில் சார்ந்தது. அதையே சொன்னாள், பொறுமையாக, மறைக்காமல். கடையில் முகப்புப் படம் தபால்தலை அளவுதான் இருக்கும். அந்த அளவில் முகபாவம் தெரியாது, நுணுக்கம் தெரியாது. தெரிவது ஒரு வெளிச்சம், ஒரு இருட்டு, ஒரு கேள்வி மட்டும்தான். அவள் முதலில் செய்த மூன்று முகப்புகளில் எல்லாம் இருந்தது: தெரு, மீட்டர், மலை, மனிதர்கள். யாரும் தொடவில்லை. நான்காவதில் தெருவின் கோடுகள் எல்லாம் ஒரு ஜன்னலை நோக்கிப் போகும்படி வைத்து, அந்த ஜன்னலை இருட்டாக்கினாள். உள்ளே யார் என்று கேட்க வைப்பதற்காக. அதன் பிறகுதான் ஜனங்கள் தொட்டார்கள்.

"அப்ப இருட்ட வச்சு எங்களக் கூப்பிட்டது நீதான்," என்றார் பூங்கோதை. குற்றம் சாட்டும் தொனி இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு படியைச் சரிபார்ப்பது போல இருந்தது.

"ஆமாம்மா. நான்தான்."

"சரி. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்குது. காட்டு."

இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று முகப்பு, இன்னொன்று அந்தக் கதவு. முகப்பை எப்படி வரைந்தால் இயந்திரம் கைவைக்காது? கடை தந்திருந்த முன்னோட்டப் பக்கத்தில் ஜெபசீலி ஒவ்வொரு படமாக ஏற்ற, பேச்சி மட்டும் தனியே பார்த்துச் சொன்னான்.

ஜன்னலுக்குத் திரை போட்டாள்.

"திரைக்குப் பின்னால நிக்கா. நிழல் தெரியுது. முன்னவிட நல்லா இருக்கு."

கம்பி போட்டாள். "கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கா."

விளையாட்டின் பெயரையே ஜன்னல் மேல் எழுதினாள். "எழுத்துக்கு நடுவுல ஒரு கண்ணு தெரியுது. பயமா இருக்கு, எடுத்துரு."

ஜன்னலில் ஒரு பூனையை உட்கார வைத்தாள். "பூனையத் தூக்கி வச்சிருக்கா," என்றான். "அவளுக்குப் பூனை புடிக்கும். அது எப்படி இதுக்குத் தெரியும்?"

ஜெபசீலி பூனையை அழித்தாள். எதை வைத்தாலும் அதைச் சுற்றி இயந்திரம் ஓர் ஆளுக்கு இடம் கண்டுபிடித்துவிடுகிறது. ஏனென்றால் எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னும் இருட்டு இருந்தது. கண்ணுக்கு எட்டாத இடம் இருக்கும்வரை அங்கே ஒருவரை நிறுத்தலாம். அப்படி யோசித்தபோதுதான் அவளுக்கு இரண்டு வேலையும் ஒரே வேலை என்று புரிந்தது.

அவள் அந்த அறையை வரைந்தாள். அதுவரை யாரும் வரையாத, இல்லவே இல்லாத அறை. ஒரு டியூப்லைட், கால்கள் முழுதும் தெரியும் கட்டில், மடித்து வைத்த போர்வை, ஒரு மர பீரோ, சுவரில் ஆணி, மின்விசிறி. பின்சுவர் வரை, மூலைகள் வரை, எல்லாம் பளிச்சென்று. அதை ஜன்னலுக்குள் வைத்து ஏற்றினாள்.

பேச்சி பார்த்தான். ஃபோனைச் சாய்த்துப் பார்த்தான். தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"இல்ல," என்றான். "போயிட்டா." அவன் குரலில் நிம்மதியோடு வேறு ஏதோவும் இருந்தது. "ஆனா ஜெபா, சின்னதாக்கிப் பாரு. வெறும் மஞ்சள் கட்டம். ஒரு பயலும் தொட மாட்டான்."

"தெரியும்," என்றாள்.

பிறகு பேச்சியின் முறை. படமாக இருந்த கதவை அவன் கதவாக்கினான். பின்னால் அந்த அறையைக் கட்டினான். எதுவும் அலங்காரமாக இருக்கக் கூடாது, கை வைத்தால் எல்லாம் அசைய வேண்டும் என்று ஜெபசீலி சொல்லியிருந்தாள். பீரோவின் இரண்டு கதவும் திறந்தன. போர்வை விரிந்தது. கட்டிலுக்கு அடியில் குனிய முடிந்தது. கதவுக்குப் பின்னால் பார்க்க முடிந்தது. சுவிட்சுகள்கூட வேலை செய்தன. திறந்தோ குனிந்தோ பார்க்க முடியாத இடம் எங்கும் இல்லை. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இரண்டையும் ஏற்றினார்கள். கடை இரண்டு மணிக்கு அனுமதித்தது.

மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. கீழே தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பேச்சி இரண்டு முறை ஃபோன் சார்ஜ் ஆகிறதா என்று பார்த்தான். தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூர் எவ்வளவு தூரம் என்று ஜெபசீலி மூன்றாம் முறையாகத் தேடினாள். அந்த வெறும் அறை அவரை உடைத்துவிட்டால்? நாற்பது நாள் தட்டியவருக்குக் கடைசியில் ஒரு காலிக் கட்டிலையா காட்டுவது? பையனை நிறுத்தியிருக்கலாமோ?

ஐந்தேகால் மணிக்கு ராமலிங்கம் அழைத்தார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"அம்மணி, கார்ல போய்ட்டிருக்கறோமுங்க. பல்லடம் தாண்டிட்டோம்."

"அம்மா என்ன செஞ்சாங்க ஐயா?"

"கதவு திறந்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. அப்புறம் பீரோவைத் திறந்து பாத்தா, மூடி மறுபடி திறந்தா. நாலு தடவை. கட்டிலுக்கு அடியில பாத்தா. போர்வையை உதறினா. முக்கால் மணி நேரமுங்க. நான் பக்கத்துல போகலை, தள்ளியே நின்னேன். அப்புறம், 'ஏனுங்க, இங்க வந்து பாருங்க'ன்னு அவளே கூப்பிட்டா. ரெண்டு பேருமா பாத்தோம். ரூம் அப்படியே இருந்துச்சுங்க, மாறலை. கொஞ்ச நேரம் அழுதா. அஞ்சு வருசத்துல என் முன்னால அழுதது இன்னிக்குத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஃபேனை நிறுத்தினா, லைட்டை அணைச்சா, கதவைச் சாத்தினா. ஆளில்லாத ரூம்ல எதுக்குக் கரண்டுன்னா. பைய எடுங்க, போலாம்னா. இருங்க, பேசறாளாம்."

மூச்சு வாங்கும் குரல் வந்தது. "கண்ணு, அந்த மத்தவங்களும் கதவத் தட்டிட்டு இருப்பாங்கல்ல? அவங்களுக்கும் சொல்லீரு."

முன்வரிசையில் இருந்த 'ஆளில்லா மீட்டர்' வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து, பூங்கோதை கண் விழித்துவிட்டார் என்று ஒரு வரிச் செய்தி வந்திருந்தது. ஜெபசீலி கடிதம் எழுதிய பதினொரு பேருக்கும், தெரிந்த விளையாட்டு செய்பவர்கள் எல்லாருக்கும், ஒரே பதிலை எழுதி அனுப்பினாள்:

"நீங்கள் பார்த்தவரை நாங்கள் வரையவில்லை. கடையின் இயந்திரம் உங்கள் ஃபோனிலுள்ள படங்களிலிருந்து எடுத்து, நான் விட்டுவைத்த இருட்டில் நிறுத்தியது. விளையாட்டு செய்பவர்களுக்கு: திரை, கம்பி, எழுத்து, பூனை, எதுவும் இதைத் தடுக்காது. ஜன்னலுக்குள் விளக்கைப் போடுங்கள். பின்சுவர் வரை தெரியும்படி அறையை முழுக்க வரையுங்கள். அதே அறையை விளையாட்டிலும் கட்டி, கதவைத் திறக்கும்படி வையுங்கள். அப்போது அங்கே யாரும் நிற்பதில்லை."